பொறுக்கச் சொன்னவரும் அண்ணையும்

எங்கள் அண்ணையின் வீட்டு நாட்காட்டியில், கடந்த தைப்பொங்கலுக்கு மறுநாள் கட்டத்தில், அவர் கைப்பட எழுதியிருப்பது இரண்டு சொற்கள்: “பொறுக்கச் சொன்னார்.” சொன்னவர், கொழும்புப் பங்குச் சந்தை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று தொலைபேசிக் குழுவொன்றில் குரல் பதிவு அனுப்பும் ஆலோசகர். அண்ணை அவரை நேரில் கண்டதில்லை.

அண்ணை யாழ்ப்பாணத்து மருதனார்மடத்துக்கு அருகே, தோட்டக்காரக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். எங்கள் தகப்பனார் காலமானபின் படிப்பை விட்டு எங்களை ஆளாக்கினார். போரில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனோம். திரும்பிவந்து, பற்றை மூடிக் கிடந்த தோட்டத்தை அவரே மறுபடி கொத்தினார். வெங்காயத்தை உடனே விற்பதா, விலை ஏறும்வரை பிடியாகக் கட்டித் தொங்கவிடுவதா என்று அவர் எவரையும் கேட்டதில்லை. அயலவர்கள்தாம் அவரைப் பார்த்து விற்றார்கள்.

அப்படிப்பட்டவர், மகளின் சீதன வீட்டுக்கென்று காணித்துண்டை விற்று வைத்திருந்த பணத்தைப் பங்குகளில் இட்டார். சுவர் எழும்பியிருந்தது; கூரை இல்லை. அண்ணி ஒருநாள் என் முன்னிலையிலேயே கேட்டார்:

“வெங்காயம் விக்க ஆரையேன் கேட்டனீங்களே?”

“வெங்காயம் கையிலை கிடக்கு. உது கண்ணுக்குத் தெரியாத சாமான். தெரிஞ்ச ஆளைத்தான் கேக்கவேணும்.”

“தெரிஞ்ச ஆளோ? முகம் தெரியுமோ?”

“ஊர் தெரியும். எங்கடை பக்கத்து ஆள்.”

“அப்ப கூரையையும் அவரைக் கொண்டே போடுவியுங்கோ.”

அண்ணை சிரிக்கவில்லை. விலை ஏறியபோது ஆலோசகர் பொறுக்கச் சொன்னார். இறங்கியபோதும் பொறுக்கச் சொன்னார். வீடு இரண்டு மாரி நனைந்தது.

மாசியில் நெஞ்சுவலியோடு அண்ணையை வைத்தியசாலையில் சேர்த்தோம். அங்கே மகளை அழைத்து, “பிள்ளை, முழுக்க வித்துப்போடு. ஓட்டுக்கெண்டாலும் காசு காணும்,” என்றார். போட்டதைவிடக் குறைவாகவே வந்தது. ஓடு போட்டாயிற்று; சீலிங் இல்லை. அண்ணை அதைப் பார்க்க வீடு திரும்பவில்லை.

வைத்தியசாலை விடுதித் தாதியருக்கும், இரவுபகலாக உடனிருந்த மருமக்களுக்கும், செத்தவீட்டன்று தேநீரும் சோறும் தந்த அயலவருக்கும், இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உங்களுக்கும் எங்கள் நன்றி. ஒவ்வொருவராகப் பெயர் குறிப்பிட இப்போது தெம்பில்லை, பொறுத்தருள்க.

கடைசியிலாவது அண்ணை தன் புத்தியில் முடிவெடுத்தார் என்று உறவினர் பலர் ஆறுதல் சொல்கிறார்கள். அவர் மகளிடம் விற்கச் சொன்ன அதே நாள் காலை ஆலோசகரும் விற்கச் சொல்லிக் குரல் அனுப்பியதாகக் குழுவிலிருந்த ஒருவர் கூறுகிறார். அண்ணை அதைக் கேட்ட பின்னரா மகளை அழைத்தார் என்பதை என்னால் இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை.