மேடத்துக்குத் தொட்டி மாற்றினோம்

என் நாத்தனார் முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நீராவி இஸ்திரி மெஷினில் நின்றவள். கட்டில் அகலத்துக்கு இருக்கும் அந்த மெஷின். கீழே ஒரு பலகை, மேலே ஒரு பலகை. துணியை விரித்து, பிடியை இரண்டு கையாலும் இழுத்து இறக்கி, உடம்புப் பாரம் மொத்தமும் போட்டு அழுத்தி, ஆறு வரை எண்ணிவிட்டு விட வேண்டும். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். ஒரு நாளைக்கு நானூறு தடவை. டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுக்கு அவள் கஞ்சி போட்டால் கோட்டு ஆளில்லாமலே எழுந்து நிற்கும் என்பார்கள். அங்கே அவள் பெயரே கஞ்சி. குணமும் அதுதான், வளையாது. நான் மட்டும் என்ன என்று கேட்டால், கேட்டவருக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்றவர்களிடம் "மெஷின விட்டுட்டு வர நேரமில்ல" என்றாள். கேட்பது நின்றது. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து என் கூடவே இருக்கிறாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அழுக்குத் துணிக் கூடைக்குள் ஒரு செடி வந்தது. மண்ணோடு தொட்டி வார்டுக்குள் இருக்கக் கூடாதாம். யாரோ நோயாளி ஆசையாய் வைத்திருந்ததைப் பிடுங்கி, ஆறாவது மாடியிலிருந்து துணியோடு துணியாக அனுப்பிவிட்டிருக்கிறார்கள். கைக்குள் அடங்கும் தொட்டி, இரண்டே இலை. அதில் செருகியிருந்த சீட்டில் முழ நீளப் பெயர். எனக்குப் படிக்க வராது. அவள் சீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துச் சொன்னாள், மறு நிமிஷம் இருவரும் மறந்தோம். கேட்டுக்கொண்டு யாரும் வரவில்லை.

மெஷின் பக்கத்தில் வைத்தாள். அந்த ஆவியில் அது வளர்ந்த வளர்த்தி கொஞ்சமில்லை. இலை முறம் அளவு வந்தது. கரும்பச்சை நிறம், தொட்டால் வெல்வெட்டு, நடுவில் வெள்ளிக் கம்பி இழுத்த மாதிரி நரம்புகள். காற்று காய்ந்தால் துவளும். வெயில் ஆகாது. குழாய்த் தண்ணீர் ஆகாது, ஆவிக் குழாயில் சொட்டுகிற சுத்தத் தண்ணீர்தான் வேண்டும். இத்தனை சௌகரியம் கேட்கிறதே என்று சலவைக்கூடத்துப் பெண்கள் அதற்கு மேடம் என்று பெயர் வைத்தார்கள். செடி வளர்க்கிற டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, இது காட்டிலேயே அரிது என்றாராம். "அப்படியா சார், உங்க கோட்டு நாளைக்கு ரெடி" என்று அனுப்பிவிட்டாள்.

அறுபது வயதில் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். கேடயம் கொடுத்தார்கள். கேடயத்தை மேசையிலேயே விட்டுவிட்டு மேடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

எங்கள் குளியலறை ஜன்னலோரம் முக்காலி போட்டு வைத்தாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் மனுஷர் குளித்ததே செடிக்காகத்தான். என் வீட்டுக்காரர் பிறந்ததிலிருந்து பச்சைத் தண்ணீரில் குளித்தவர். தங்கச்சி சொன்னாள் என்று கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டு, கதவைச் சாத்தி ஆவிக்குள் அரை மணி உட்கார்ந்திருப்பார். அவித்த கிழங்கு மாதிரி வெளியே வருவார்.

அவர் போய் மூன்று மாதம் ஆகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். வந்தவர்கள் அழுதார்கள். எங்கள் இருவருக்கும் வரவில்லை. வராததைப் பற்றி நாங்கள் பேசவும் இல்லை. நான் சமைத்தேன், அவள் துணி மடித்தாள். அவர் சட்டைகளையும் சேர்த்தே மடித்தாள், நானும் வாங்கி அலமாரியில் வைத்தேன். குளிக்கப் போனால் இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு வந்துவிடுவோம். குளியலறை காய்ந்துபோனது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஏழு இலை இருந்த இடத்தில் இரண்டு நின்றபோதுதான் அவள் தொட்டியைத் தூக்கிப் பார்த்தாள். பிளாஸ்டிக் வாளி அது. வேர் பெருத்து அடியைப் பிளந்திருந்தது. மோந்து பார்த்தவள் முகம் சுளித்தாள். அழுகல் வாடை.

நர்சரிக்காரர் வந்து பார்த்தார். "மண்ணே வேணாம்மா. மரப்பட்டைத் துண்டு, கரித்துண்டு போட்டு வைங்க, மேல ஈரப் பாசி. ஆனா அதுக்கு முன்னாடி ஒவ்வொரு வேரையும் விரலால அழுத்திப் பாக்கணும். கெட்டியா இருந்தா உசுரு இருக்கு. கொழகொழன்னா வெட்டிடணும். கண்ண நம்பாதீங்க, ரெண்டும் கறுப்பாத்தான் தெரியும். அழுகல் ஒண்ண விட்டாலும் செடி போயிடும், நல்லத ரொம்ப வெட்டுனாலும் போயிடும்."

செவ்வாய்க்கிழமை காலை. சமையலறைத் தரையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தாள். நானும் உட்காரப் போனேன்.

"நீங்க தொட வேணாம் அண்ணி. கீரை ஆயுற மாதிரி ஆய்ஞ்சி வச்சிடுவீங்க."

"ஆமா, நான் ஆய்ஞ்ச கீரையத் தின்னுதான் இவ்வளவு வாய் வளந்திருக்கு உனக்கு."

வாளியை உடைத்துச் செடியை எடுத்தாள். வேரெல்லாம் தலைமுடிச் சிக்கு மாதிரி சுற்றியிருந்தது. ஒன்றைப் பிடித்து அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பிறகு வெட்டினாள். வெட்டிய முனை வெள்ளை வெளேரென்று இருந்தது, தேங்காய்க் கீற்று மாதிரி. அடுத்ததை வெட்டினாள். அதுவும் வெள்ளை.

"ஏண்டி, நல்லதையெல்லாம் வெட்டித் தள்ளுற?"

"சும்மா இருங்க."

மூன்றாவதை எடுத்தபோது செய்தித்தாளில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று.

"ஏய், ரத்தம்டி!"

"எங்க?"

"எங்கயா? உன் கையிலதான்!"

ஒவ்வொரு விரலாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எங்கோ வைத்துவிட்டு மறந்த சாமானைத் தேடுகிற மாதிரி. நடு விரலில் உடைந்த வாளியின் விளிம்பு ஆழமாக இறங்கியிருந்தது. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"வலிக்கலயா?"

"இல்ல."

"பாத்தப்புறமுமா?"

"பாத்தாலும் இல்ல."

துணியைச் சுற்றிக் கட்டினேன். கட்டிக்கொண்டிருக்கும்போதே சொன்னாள். எட்டு வருஷமாக அப்படித்தானாம். முதலில் மதமதப்பு, பிறகு ஒன்றும் இல்லை. மெஷினில் கை வெந்துவிடக் கூடாதே என்று கண்ணால் பார்த்துப் பார்த்து எடுப்பாளாம். சொன்னால் மெஷினிலிருந்து எடுத்துத் துணி மடிக்கிற இடத்தில் போட்டுவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். அடுப்பிலிருந்து சுடுபாத்திரத்தைத் துணி இல்லாமல் அவள் இறக்கும்போதெல்லாம், இரும்புக் கை என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறேன்.

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"அண்ணங்கிட்ட சொன்னா உங்ககிட்ட சொன்ன மாதிரி. உங்ககிட்ட சொன்னா தெருவுக்கே சொன்ன மாதிரி."

"சரி. வேர நான் தொட்டுப் பாக்குறேன். நாளைக்கு நீ டாக்டர்கிட்ட கையக் காட்டணும்."

"அதெல்லாம் முடியாது."

"அப்ப உன் மேடம் இப்படியே கெடக்கட்டும்."

எழுந்துபோய் அரிசி களைந்தேன். வேர் காற்றில் காய்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அரிசியை இரண்டாம் தடவையும் களைந்தேன். மூன்றாம் தடவையும் களைந்தேன்.

"வாங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். கத்தரியை வாங்கிக்கொண்டேன்.

"கெட்டி."

"விடுங்க."

"இது கொழகொழ."

"வெட்டுங்க."

இருபத்திரண்டு வேரில் ஒன்பது தேறியது. தண்டு தொடங்குகிற கழுத்தருகே இருந்த தடித்த வேரில்தான் சண்டை. கரிக்கட்டை மாதிரி இருந்தது. வெட்டச் சொன்னாள். எனக்குக் கெட்டியாகத்தான் பட்டது.

"வாடை அடிக்குது அண்ணி, வெட்டுங்க."

"விரல் என்னுது."

"செடி என்னுது."

நான் வெட்டவில்லை. புதுத் தொட்டியில் வைத்து, பட்டையும் கரியும் நிரப்பி, ஈரப் பாசி மூடி, ஈரக் காற்று வெளியே போகாமல் தொட்டியோடு ஒரு பிளாஸ்டிக் பை கவிழ்த்துக் கட்டினோம். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் என்னோடு டாக்டரிடம் வந்தாள். வாக்கு என்றால் வாக்கு. டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஊசி முனையால் விரல்களைத் தொட்டார். தொடும்போதெல்லாம் "இப்ப" என்று சொல்ல வேண்டும். இப்ப என்றாள். கொஞ்சம் விட்டு, இப்ப. கொஞ்சம் விட்டு, இப்ப. ஒரே சீராகச் சொன்னாள். மெஷினில் ஆறு எண்ணுவதைத்தான் உள்ளே எண்ணுகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டருக்கும் ஏதோ பட்டது போலிருக்கிறது, ஊசியை மேசை மேல் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். அவள் கண்ணை மூடியபடி இப்ப, இப்ப என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

பிறகு அவர் ஊசியை எடுத்துச் சுண்டு விரலில் வைத்தார்.

"ஆ!" என்று கையை உதறினாள். "என்ன டாக்டர், இப்படிக் குத்துறீங்க?"

பிடியை இழுத்து இழுத்து மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். அறுவை செய்து பார்க்கலாம், ஆனால் இத்தனை வருஷத்துக்குப் பிறகு எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாதாம். சுண்டு விரலுக்கு வேறு நரம்பு, அது தப்பித்துவிட்டது. பேருந்தில் வரும்போது அந்த விரலை மட்டும் மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "இது ஒரு விரல்னு யாரு நெனச்சா" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் ஒரு இலை மஞ்சளாகித் தொங்கியது. பையை அவிழ்த்தேன். பாசியைத் தொட்டுப் பார்த்து ஈரமெல்லாம் சரியாக இருக்கிறது என்றேன்.

"தள்ளுங்க" என்றாள்.

பாசியை விலக்கி, சுண்டு விரலைப் பட்டைத் துண்டுகளுக்குள் விட்டாள். மற்ற விரல்களையெல்லாம் மடக்கிக்கொண்டு, காது குடைகிற மாதிரி மெல்லத் துழாவினாள். கழுத்தருகே விரல் நின்றது.

"அண்ணி, கொழகொழன்னு இருக்கு."

நானும் விட்டுப் பார்த்தேன். அன்று நான் வெட்ட மாட்டேன் என்ற அதே வேர். கெட்டியாகத்தான் இருக்கிறது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. கத்தரியை எடுத்துக் கொடுத்தேன்.

வெட்டினாள். தோலோடு நழுவி வந்தது. அந்த இடத்தில் கரிப்பொடி வைத்தாள். மறுபடி விரலை விட்டு, மிச்சமிருந்த எட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். "கெட்டி" என்றாள். "கெட்டி" என்றாள். எட்டு தடவை சொன்னாள். சொல்லி முடித்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

மஞ்சள் இலை விழுந்துவிட்டது. மற்றது நிற்கிறது. புதிதாக ஒன்றும் வரவில்லை. இப்போதைக்கு நின்றாலே பெரிது என்கிறார் நர்சரிக்காரர். காலையில் நான் குளியலறைக்குப் போனால் அவள் முக்காலி முன்னால் குனிந்து, சுண்டு விரலைப் பாசிக்குள் விட்டபடி நிற்கிறாள்.

"ஈரம் இருக்கு அண்ணி, நீங்க போய் வேலையப் பாருங்க" என்கிறாள்.

நான் போவதில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.