அண்ணன் பேருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை

எங்கள் குடும்ப மரத்தை இணையத்தில் ஏற்ற எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. மென்பொருள் இலவசம்தான், யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்களுக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளலாம். அந்த இலவசம் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. எண்ணூரில் கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன் என்ற திமிரில் இறங்கினேன். டேட்டாபேஸ் கடவுச்சொல்லில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டு, ஒரு பகல் முழுக்க வெள்ளைத் திரையை முறைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் அண்ணனுக்காக. வண்ணாரப்பேட்டையில் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாக அவன் சொன்னபோது, "அவள இட்டுனு இந்த வூட்டுப் படி ஏறாத" என்றாள் அம்மா. "உன் சாவுக்குத்தான் வருவேன்" என்று ராயபுரமே கேட்கக் கத்திவிட்டுப் போனான். சொன்னதைச் செய்கிற பழக்கம் எங்கள் வீட்டில் அவனுக்கு மட்டும்தான் உண்டு. போன் நம்பரையும் மாற்றிவிட்டான். வருடங்கள் ஓடிவிட்டன. திருவொற்றியூர் பஸ்ஸில் அவனைப் போல் ஒரு முதுகு தெரிந்தால் இன்றைக்கும் நான் இறங்கிப் பின்னால் ஓடுகிறேன்.

தன் பேரைத் தானே இணையத்தில் தேடிப் பார்க்கும் கிறுக்கு அவனுக்கு உண்டு. என்றாவது தேடுவான், எங்கள் பக்கம் கண்ணில் படும், அடியில் என் நம்பர் இருக்கும் என்று நம்பினேன்.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் எங்கள் ஆட்கள் இறந்துபோனவர்களின் பேர்களை எழுதி மாதா கோயிலில் கொடுப்பார்கள்; பூசையில் வாசிப்பார்கள். அம்மாவின் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் பேர்களை ஏற்றினேன். முதலில் அப்பா. ஒரு வருடம் அத்தை, "எங்க கீறானோ, இன்னா ஆனானோ, பெரியவன் பேரையும் எழுதிடேன்" என்று சொல்லப்போக, அம்மா அவளோடு இரண்டு மாதம் பேசவில்லை.

வேலை முடிந்து, வெளியாள் பார்ப்பதுபோல் போனில் திறந்தேன். இறந்தவர்கள் மட்டும் படத்தோடு, பேருக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவையோடு இருந்தார்கள். உயிரோடு இருப்பவர்களை அந்த மென்பொருள் பத்திரமாக மறைத்துவிடுமாம். அண்ணன் இருக்க வேண்டிய இடத்தில் 'தனிப்பட்ட தகவல்' என்று இருந்தது. அதை மாற்ற வேறு வழி இருந்திருக்கலாம். என் கண்ணில் பட்டது 'இறந்தவர்' என்ற கட்டம் ஒன்றுதான். அதில் டிக் அடித்தேன். பேர் வந்தது, மீசையோடு முகம் வந்தது. அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

டீ கொண்டுவந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா அது, அவன் பேராண்ட சிலுவ?"

சொன்னேன். டம்ளரை மேஜைமேல் நங்கென்று வைத்தாள். "எடுடா அத. மொதல்ல எடு."

எடுத்தேன். அண்ணன் மறுபடி மறைந்துபோனான். அம்மா அங்கேயே நின்றாள்.

"அப்போ செத்தவங்க மட்டுந்தான் வெளிய தெரிவாங்களா?"

"ஆமாம்மா."

"அப்போ எனுக்குப் போடு."

"இன்னாம்மா பேசுற நீ?"

"போடுடா. சாவுக்கு வரேன்னுதான சொல்லிட்டுப் போனான்? வரட்டும். வந்தப்பறம் திட்டட்டும்."

சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவள் உள்ளே போய், பீரோவிலிருந்து தன் படம் ஒன்றைத் தேடி எடுத்துவந்தாள். "இத்தப் போடு. இதுல மூஞ்சி நல்லாக்கீது."

படத்தை ஏற்றினேன். கட்டத்தில் டிக் அடிக்கக் கை வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் மூன்று தரம் கேட்டுவிட்டாள். மூன்றாவது தரம், "போட்டுட்டேன்மா" என்று பொய் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பினேன். அம்மா முகம் கழுவி, நல்ல புடவை கட்டி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தெருமுனையில் ஆட்டோ சத்தம் கேட்டதும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். உள்ளே அடுப்பில், எப்போதும் வைக்கிற குண்டான் இல்லை. திருநாளுக்கு எடுக்கிற பெரிய குண்டான் இருந்தது.

"இன்னாம்மா இவ்ளோ சோறு?"

"ரெண்டு பேருக்குச் சேத்து வடிச்சிக்கீறேன்" என்றாள், தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவளும் கூட வருவா இல்ல?"