அப்பாவின் எஞ்சினுக்கு இருந்த இடம்

இரும்பை நெருப்பால் வெட்டும் மணம். எந்தக் கராஜைக் கடந்தாலும் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உடனே அரியாலைக் கராஜில் அந்தப் பகல், கூரையில்லாத எங்கள் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், அதன் திறந்த வாய்.

அந்த வாய்க்குள் முப்பது வருடத்துக்கு மேலாக ஒன்றுமில்லை. சண்டையில் கீரிமலை வீட்டை விட்டு ஓடியபோது, ஓடுகிற காரென்றால் யாராவது பறித்துவிடுவார்கள் என்று அப்பா எஞ்சினைக் கழற்றி, கிறீஸ் பூசி, சாக்கில் சுற்றிக் கிணற்றடியில் புதைத்தார். வெறும் உடலை உழவு இயந்திரத்தில் கட்டி வட்டுக்கோட்டைக்கு இழுத்துவந்தோம். ஒரு கிழமையில் திரும்பலாம் என்றார். வீடும் கிணறும் இருந்த வளவு இராணுவ முகாமின் முள்வேலிக்குள் போனது; இன்னும் வெளியே வரவில்லை. அப்பா காத்திருந்தே செத்தார். பிறகு என் முறை: காரை மூடிய தறப்பாளை விலக்குவேன், துடைப்பேன், மூடுவேன்.

அண்ணன் தன் மகனின் கலியாணத்துக்கு லண்டனிலிருந்து வந்தார். மாப்பிள்ளையை அந்தக் காரில்தான் ஏற்றவேணுமாம். வான் வண்டியின் எஞ்சின் ஒன்றை வாங்கிவிட்டுத்தான் எனக்குச் சொன்னார்.

அது உள்ளே இறங்கவில்லை. பழைய எஞ்சின் உட்காரும் தாங்கிகள் தடுத்தன. மெக்கானிக் நெருப்பைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

“அக்கா, இதை வெட்டினா பழசு பிறகு இதிலை இருக்காது. வெட்டட்டோ?”

“அவளிட்டை என்ன கேக்கிறீர்? நீர் வெட்டும்,” என்றார் அண்ணன்.

“அண்ணை, ஆமி வளவை விட்டா அப்பான்ரை எஞ்சினை எங்கை வைக்கிறது?”

“உது இப்ப துருப்பிடிச்ச கறள் கட்டி. காம்ப்காரன் அதுக்கு மேலை கக்கூஸ் கட்டியிருப்பான்.”

மெக்கானிக்கும் சிரித்தார். வெட்டப்பட்ட துண்டுகள் சீமெந்துத் தரையில் விழுந்தன, கோயில் மணிபோல ஒரு சத்தம், வெட்கமில்லாமல்.

கார் ஓடியது. நன்றாகவே ஓடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வானின் முனகல். முன்பு வீட்டு ஒழுங்கை முனையில் அப்பாவின் கார் உறுமினால் அம்மா உலையில் அரிசியைப் போடுவாள். இந்தச் சத்தத்துக்கு யார் எழும்பப்போகிறார்கள்? கலியாணத்தில் எல்லாரும் அதில் சாய்ந்து நின்று படம் எடுத்தார்கள்.

விமான நிலையத்துக்குப் போக அண்ணன் வாடகை வானில் ஏறினார். “கார் உனக்குத்தான், ஓடித் திரி,” என்றார்.

“வளவு விட்டா நான் கிண்டத்தான் போறன்.”

“கிண்டு, கிண்டு. கிடைச்சா ஒரு படம் எடுத்து அனுப்பு, என்ன?”