கிராணி வீட்டுப் பிள்ளைகளும் டிசம்பர் மழையும்

முதலில் எனக்கு அநியாயம் செய்தவர் பெயரைச் சொல்லிவிடுகிறேன்: சபாபதி கிராணி. ஜோகூர் பாருவில் ஓர் ஆபீசில் அவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா; நான் பியூன். பியூன் வேலை என்றால் கட்டுத் தூக்குவது, மணி அடித்தால் ஓடுவது, அவ்வளவுதான் என்று நினைப்பீர்கள். பள்ளிக்கூடம் மூடினால் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். கிராணியின் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட வேண்டும். லீவு நாளில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்கு ஒரு வசதி இருந்தது. அதுகள் உங்கள் பிள்ளைகள். கோபம் வந்தால் நாலு சாத்து சாத்தலாம். எனக்கு அதுவும் கிடையாது.

ஒரு வார்த்தை

சிங்கப்பூருக்குப் பாலம் போட்டு, ரயில் கடல்மேல் போக ஆரம்பித்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். டிசம்பர் லீவு விட்ட மறுநாள் கிராணி என்னை மேசைக்கு முன்னால் கூப்பிட்டார். "மூணு பேரும் வீட்டுல உயிர வாங்குறாங்க. பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் நீ அங்க போயிரு" என்றார்.

எனக்கு ஒரே மகள், தனம். அப்போது ஏழு முடிந்திருந்தது. நான் தோட்டத்துப் பள்ளியில் இரண்டு வருஷம் தமிழ் படித்தவன். இங்கிலீஷில் என் பெயரைக்கூட எழுதத் தெரியாது. அவளையாவது மிஸ்ஸிமார் என்கிற வெள்ளைக்கார டீச்சரம்மாக்கள் நடத்தும் பெண்கள் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. பெரிய மனிதர் யாராவது சொன்னால்தான் அங்கே சேர்ப்பார்கள் என்று நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டு லயத்தில் எல்லாரும் சொல்வார்கள். கையைக் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். கிராணி கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "பசங்க அழாம பாத்துக்க முனியா. பெரிய மிஸ்ஸிகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்றேன். என் ஒரு வார்த்தை போதும்."

சிகாமட்டில் வெள்ளம்

பிள்ளைகள் மூன்று. பெரியவன் ராஜு, பத்து வயது. அடுத்தது சரசு, தனம் படிக்க வேண்டிய பள்ளியிலேயே அவள் படித்துக்கொண்டிருந்தாள். கடைக்குட்டி மணிக்கு நாலு வயது. அதுகூட என்னை "டேய் முனியா" என்றுதான் கூப்பிடும்.

மழை விடாமல் பெய்த ஒரு வாரம், வெளியே தலைகாட்ட முடியவில்லை. வராந்தாவில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ரயில் விட்டேன். ராஜு கார்டு, சரசு டிக்கெட் கொடுப்பவள், மணி இஞ்சின். நான் மூட்டை தூக்கும் கூலி. கூலாய் ஸ்டேஷனில் தலையணை மூட்டையை இறக்கினேன், பாலோ ஸ்டேஷனில் ஏற்றினேன். சிகாமட் வந்ததும் ராஜு, "இங்க ஆத்துல வெள்ளம்!" என்று ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டான். தலையணை எல்லாம் நனைந்துபோனது. சத்தம் கேட்டுக் கிராணியின் சம்சாரம் வந்தார். மூன்று விரல்கள் ஒன்றாக என்னைக் காட்டின. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பிள்ளைகள் அழும். அழுதால் அந்த ஒரு வார்த்தை போச்சு. அம்மா சொன்னார்: "அதுங்க சின்னப் பிள்ளைங்க. உனக்கு எங்க போச்சு புத்தி? வெள்ளம் வேணும்னா உன் லயத்துல விட்டுக்க."

அன்று வீட்டுக்குப் போய் இந்த ரயில் கதையைத் தனத்திடம் சொன்னேன். தானும் ரயில் விட வேண்டும் என்றாள். எங்கள் வீட்டில் நாற்காலி ஏது?

மணி காணாமல் போனது

மழை சற்று விட்டதும் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். பாலத்தின் மேல் ரயில் வருவதைக் காட்டுவதுதான் செலவில்லாத வேடிக்கை. ரயில் வந்தது. எல்லாரும் கையாட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் மணியைக் காணோம்.

பிள்ளையை நினைத்துப் பதறினேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. ஒரு பக்கம் கடலைப் பார்த்தேன். மறுபக்கம் தனத்தின் பள்ளிக்கூடக் கதவு மூடுவதைப் பார்த்தேன். ராஜுவையும் சரசுவையும் இரண்டு கையிலும் இழுத்துக்கொண்டு கரை நெடுக ஓடினேன். கடைசியில் ஒரு சர்பத் வண்டிமேல் மணி உட்கார்ந்து ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டிருந்தான். வண்டிக்காரர் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம்; நானா என்றுதான் கூப்பிடுவோம். வழி தெரியாமல் நின்ற பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிறார். நான் அவரையும் கும்பிட்டேன், மணியையும் கும்பிட்டேன்.

"உங்க புள்ளையா?" என்று கேட்டார்.

"இல்ல நானா, கிராணி புள்ள."

"நெனச்சேன்" என்றார். "சொந்தப் புள்ளயத் தொலச்சவன் கெடச்சதும் முதுகுல ரெண்டு வப்பான். நீங்க கும்புடுறீங்க."

மாட் சொன்னது

ஜனவரி பிறந்தது. கிராணியிடம் ஞாபகப்படுத்தினேன். "அடடா, மறந்தே போச்சு. இந்த வருஷம் இடம் நிறைஞ்சிருக்கும். அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். அடுத்த டிசம்பரும் வந்தது. திரும்பவும் அதே வராந்தா, அதே ரயில். தனத்துக்கு எட்டு முடிந்துவிட்டது.

என்னோடு வேலை பார்த்த இன்னொரு பியூன் மாட், மலாய்க்காரன். டிசம்பர் வந்தால் மட்டும் அவன் அம்மாவுக்கு உடம்புக்கு வந்துவிடும். அதனால் கிராணி வீட்டுப் பக்கம் அவனை அனுப்புவதில்லை. நீ ஏன் இந்த வருஷமும் போகிறாய் என்று கேட்டான். கிராணி சொன்ன வார்த்தையைப் பற்றிச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு மலாயில் அவன் சொன்னது இது: "அலமாக், முனியன்! என் தம்பி வேலைக்கும் அவர் ஒரு வார்த்தை சொல்றேன்னுதான் சொன்னார். தம்பி இப்போ தம்போயில மாடு மேய்க்கிறான்லா."

கடிதம்

பள்ளி திறப்பதற்கு முதல் நாள், கிராணி வீட்டு வாசலை விட்டு நான் நகரவில்லை. "ஐயா, தனம் விஷயம்..." என்று இழுத்தேன். "ம், ம்" என்று உள்ளே போனவர் ஓர் உறையோடு வந்தார். "நாளைக்குக் காலையில இதப் பெரிய மிஸ்ஸிகிட்ட குடு" என்றார். ஒட்டிய உறை. மேலே இங்கிலீஷ். எத்தனையோ வருஷம் கடிதம் சுமந்தவன் நான். உள்ளே என்ன என்று பியூன் கேட்கக் கூடாது. அதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். அன்றும் கேட்கவில்லை.

காலையில் என் சம்சாரம் தனத்துக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு, புதுக் கவுன் மாட்டிவிட்டாள். பெரிய மிஸ்ஸி வெள்ளைக்காரி. நம்மோடு மலாயில்தான் பேசுவாள். கடிதத்தை இரண்டு கையாலும் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தாள். "சரசுவுக்குக் காய்ச்சல், ஒரு வாரம் கழித்து வருவாள். சரி என்று உன் கிராணியிடம் சொல்" என்றாள். நான் அசையாமல் நின்றேன். அப்போதுதான் தனத்தைப் பார்த்தாள். "இது யார்?"

உள்ளதையெல்லாம் சொன்னேன். அவள் தனத்தின் வயதைக் கேட்டாள். முதல் வகுப்புக்கு எட்டு முடிந்தவர்களை எடுப்பதில்லையாம். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகவே சொன்னாள்: "போன வருஷம் நீயே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் சேர்த்திருப்பேனே. இதற்குக் கடிதம் எதற்கு?"

வரும் வழியில் கவுன் சேற்றில் படாமல் இருக்கத் தனம் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அடுத்த டிசம்பரிலும் மழை பெய்தது. கிராணி கூப்பிட்டார். வேலை வேண்டுமே, போனேன்.

தேவையே இல்லாத ஒரு வார்த்தைக்காக இரண்டு லீவு அந்த நாற்காலி ரயிலில் மூட்டை தூக்கினேன். அந்தத் தேவையில்லாத வார்த்தையைக்கூட சபாபதி கிராணி இன்றுவரை சொல்லவில்லை.