அஞ்சு விரல் கோலம்

"சப்போட்டா. நேத்துத் தின்னது" என்று சொல்லிவிட்டு, குச்சியால் ஒதுக்கிய கறுப்புக் கொட்டையை ஏசம்மாள் இன்னொரு தடவை புரட்டினார். காலை எட்டு மணிக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் வெயில் மொட்டைமாடியைச் சுட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்கார ஹெப்சிபா டீச்சர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளி நின்றார். ஏசம்மாளோ கைப்பிடிச் சுவரோரம் குவிந்து கிடந்த எச்சத்துக்கு முன்னால் சம்மணம் போடாத குறைதான்.

"பூனைன்னா மண்ணத் தள்ளி மூடி வைக்கும் டீச்சர். மானம் பாக்குற சாதி. இது மரநாயி. ஒரே எடத்துலதான் வந்து இருக்கும், மூடவே மூடாது."

எச்சத்தைப் பார்க்காமல் எந்த வீட்டிலும் அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ராஜபாளையம் வட்டாரத்தில் கூரைக்குள் எது உருண்டாலும் புரண்டாலும் ஜனங்கள் அவருக்குத்தான் போட்டோ அனுப்புகிறார்கள். கூமாப்பட்டியில் ஒரு வீட்டில் பேய் என்று நம்பி வேப்பிலை கட்டியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் சர்ச்சிலிருந்து ஐயரவர்களை வரவழைத்து ஜெபம் பண்ணியிருந்தார்கள். இரண்டு வீட்டிலும் கடைசியில் ஏணி போட்டு ஏறியது ஏசம்மாள்தான். "பேயி கொய்யாப்பழம் திங்காதுல்லா?" என்பது அவருடைய ஒரே வாதம்.

வயது ஐம்பத்து நாலு. சேலைக்கு மேல் காலஞ்சென்ற கணவரின் முழுக்கைச் சட்டை. தோளில் மில் காலத்துச் சாப்பாட்டுப் பை. அதற்குள் சுத்தியல், ஆணி, கம்பிவலை, ஒரு பழைய ரேடியோ, ஒரு பாட்டில் நிறையக் கோலமாவு. மாவு வாங்கப் போனால் கடைக்காரர் ராம்கி கேலி செய்வார்: "என்ன ஏசம்மாக்கா, சர்ச்சுக்குப் போற வேதக்கார வீட்டு வாசல்ல எப்ப இருந்து கோலம்?" அக்கா முகத்தில் சிரிப்பே இருக்காது. "நான் எங்கடா போடுதேன்? நான் மாவத் தூவுவேன், மரநாயி போடும்." உண்மைதான். சாயங்காலம் சுவர்மேல் மாவைத் தூவிவிட்டு, காலையில் வந்து காலடியை எண்ணுவார். பூனைத் தடத்தில் நாலு விரல், மரநாய்த் தடத்தில் அஞ்சு.

சத்தத்தை யார் வர்ணித்தாலும் கையமர்த்திவிடுவார். தடதடவென்று ஓடியதா, கரகரவென்று பிறாண்டியதா என்பதெல்லாம் அவருக்கு வேண்டாம். காரணம், அவருக்குக் காது கேட்காது. இருபத்திரண்டு வருடம் நூல் மில்லில் ரிங் பிரேம் என்கிற நூற்பு இயந்திரம் ஓட்டியவர். அந்த இரைச்சல் அவர் காதில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. அதற்குப் பதிலாக மில் அவருக்கு ஒரு வித்தை கொடுத்தது. பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காத இடத்தில் பெண்கள் வாயசைவை வைத்தேதான் ஊர்க்கதை முழுக்கப் பேசித் தீர்ப்பார்கள். இன்றும் எதிராளி வாயைப் பார்த்துத்தான் ஏசம்மாள் பதில் சொல்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் கோபம் வந்துவிடும்.

அவர் மரநாயை அடிப்பதும் இல்லை, மருந்து வைப்பதும் இல்லை. கூரைக்குள் ஒரு பல்பை எரியவிட்டு ரேடியோவை முழுச் சத்தத்தில் வைப்பார். பகலெல்லாம் தூங்குகிற பிராணிக்கு அதைவிடத் தொந்தரவு வேறென்ன வேண்டும்? இரண்டு மூன்று நாளில் அதுவே வேறு இடம் பார்த்துக்கொள்ளும். குட்டி இருந்தால் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போய்விடும். ரேடியோவில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. ஒரு வீட்டில் மூன்று நாள் இடைவிடாமல் உர விளம்பரம் ஓடி, மரநாய்க்கு முன்னால் வீட்டுக்காரர் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டாராம். பிறகு ஓட்டையில் செய்தித்தாளைச் சுருட்டி லேசாகச் செருகுவார். மூன்று நாள் தாள் விழாமல் இருந்தால்தான் கம்பிவலை. ஆக மொத்தம் ஒரு வாரம்.

இந்த ஒரு வாரத்துக்குப் பின்னால் வன்னியம்பட்டி இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிது. தாய் மரநாய் வெளியே போனதைக் கண்ணால் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணும் இல்ல" என்று அன்றைக்கே வலையை அடித்துவிட்டார். குட்டிகள் கத்தியிருக்கின்றன. வீட்டில் ஆளில்லை, இவருக்குக் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் நாற்றம் தாங்காமல் கூப்பிட்டார்கள். மூன்று குட்டிகளையும் ஏசம்மாளே தன் கையால் எடுத்தார். தாய் வெளியிலிருந்து பிறாண்டிய வலையில் ஒரு நகம் ஒடிந்து சிக்கியிருந்தது. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் எதிராளி வாயைப் பார்ப்பதில்லை.

ஹெப்சிபா டீச்சருக்கோ ஒரு வாரம் கிடையாது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மகள் வின்சி ஞாயிற்றுக்கிழமை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வருகிறாள். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. பின்பக்கத்து ஓட்டு அறையில் மட்டும்தான் ஏசி. அந்த அறையின் பால்ஸ் சீலிங்கில், சரியாகக் கட்டிலுக்கு மேலே, மஞ்சள் கறை படர்ந்து ஈரம் கோத்திருந்தது. டீச்சரைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்?

அமெரிக்காவிலிருக்கும் மருமகன் தன் பங்குக்கு ஒரு படமும் பத்து யோசனையும் அனுப்பியிருந்தார். கூர்மூக்கும் முடியில்லாத வாலுமாக ஏதோ அமெரிக்கப் பிராணி, ஒப்பாசமாம். ஏசம்மாள் போனைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தார். "இது யாரு? நம்ம தெருவுல பாத்ததே இல்லையே!"

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. "விடியக்காலம் செவுத்து வழியா எறங்கிப் போனத நானே பாத்தேன் ஏசம்மா. உள்ள ஒண்ணும் இல்ல. இப்பமே அடைச்சுருங்க. பச்சப்புள்ள படுக்குற எடம்."

"குட்டி இருந்தா?"

"இருக்காது."

ஏசம்மாள் அறைக்குள் வந்து கட்டிலை ஓரமாகத் தள்ளி, கறைக்குக் கீழே ஸ்டூலைப் போட்டார். "எனக்குக் காது கெடையாது டீச்சர். நீங்க ஏறி, சீலிங் பலகையில செத்த நேரம் காத வச்சுக் கேளுங்க. இல்லன்னு நீங்க சொன்னா இப்பமே வலைய அடிக்கேன்."

டீச்சர் ஏறினார். ஏசம்மாள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கீழேயிருந்து அவர் முகத்தையே பார்த்தார். டீச்சரின் கண்கள் மூடின. புருவம் சுருங்கியது. கேட்க ஒன்றுமில்லை என்றால் இறங்கியிருக்க வேண்டிய நேரத்துக்கு மேலும் அவர் காதை எடுக்காமல் நின்றார்.

இறங்கியதும் ஸ்டூலைப் பார்த்துச் சொன்னார்: "ஒண்ணும் கேக்கல."

இருபத்திரண்டு வருடம் வாய்களையே படித்தவரிடம் இது செல்லுமா? பாவம், டீச்சருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, உதடு கோணிக்கொண்டது. ஏசம்மாளுக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் தானிருந்தால், மேலே இருப்பதை நினைப்போமா, தொட்டிலில் வரப்போவதை நினைப்போமா என்றுதான் தோன்றியது.

அவரும் ஸ்டூலில் ஏறி, உள்ளங்கையை விரித்துப் பலகையில் அழுத்தி வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கைக்கு மேலே ஏதோ இழைந்தது, நின்றது, மறுபடி இழைந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று.

"ரெண்டு" என்றார்.

டீச்சர் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. "தாயத் தேடுது ஏசம்மா. கேட்டுச்சு. எனக்குக் கேட்டுச்சு..."

வாயைத் துணி மறைத்திருந்தது. ஏசம்மாள் என்ன படித்தாரோ, தலையை ஆட்டினார். "எங்க வீட்டு ஏர்கூலரு சும்மாத்தான் கெடக்கு. நாளைக்கு ஆட்டோவுல ஏத்திட்டு வாரேன். ஒரு வாரம் புள்ள முன்ரூம்ல படுக்கட்டும்."

எடுத்து வைத்திருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டார். பிறகு கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், முன்ரூமுக்குக் கொண்டுபோக அதைக் குனிந்து தூக்கிப் பிடித்தபடி, டீச்சர் தலைமாட்டுக்கு வரும்வரை நின்றார்.