கிரேனின் மனைவியும் நாலடித் தண்ணீரும்

அவள் தையற்கடையில் பட்டன் தைப்பவள். வாய் மட்டும் இல்லாவிட்டால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று கடையில் கேலி பேசுவார்கள். கணவருக்கு வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை, பட்டப்பெயர் கிரேன். பெரிய ஃப்ரிட்ஜைத் தனியாளாய் முதுகில் கட்டி மாடியேற்றுவார். சத்தமில்லாமல் தரையில் வைப்பார், கையைத் தட்டிக்கொண்டு ஒரே வார்த்தை சொல்வார்: "எறக்கியாச்சு!"

ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது விழுந்தார். வலது கையும் காலும் வராமல் போயின, பேச்சும் குழறியது. அன்றிலிருந்து கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் அவரைத் தூக்குவது அவள்தான்.

"என்ன கனம் கனக்கிற மனுஷா! சோறு திங்கிறியா, கல்லு திங்கிறியா?"

அவர் பாதி வாயால் சிரிப்பார். அவள் அடுப்படிக்குப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுவாள்.

டாக்டர் சொல்லித்தான் நீச்சல் குளத்துக்கு வந்தார்கள். காலையில் கைக்குழந்தைகள், பிறகு வயதானவர்கள், அதன்பின் இவரைப் போன்றவர்கள். முதல் நாள், நீச்சல் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் காட்டியபடி, நெஞ்சளவு நீரில் அவள் அவர் முதுகுக்கு அடியில் கை கொடுத்தாள். ஆள் அப்படியே மேலே வந்துவிட்டார், அவளுடைய ஒற்றை உள்ளங்கையில்!

"டீச்சர், இவரு கனமெல்லாம் எங்க போச்சு?"

வாயைப் பிளந்தவள் வீடு போய்ச் சேரும்வரை மூடவில்லை. இறுகிக் கிடந்த அவர் விரல்கள் நீருக்குள் கொஞ்சம் பிரிந்ததையும் அவள் பார்த்திருந்தாள்.

ஆனால் அங்கே ஒரு விதி. துணைக்கு இறங்குபவருக்கும் தனியாக மிதக்கத் தெரியவேண்டும்.

"அவரு முழுகுனா நீங்க தூக்குவீங்க. நீங்க முழுகுனா?" என்றாள் டீச்சர்.

அன்றே அவளும் மிதக்கப் பழக ஆரம்பித்தாள். மல்லாந்தால் பயத்தில் தலையைத் தூக்குவாள், கால் அமிழும். உடனே டீச்சர் கழுத்தில் உடும்புப் பிடி. தவணைமேல் தவணை வாங்கி, இன்றுதான் கடைசி. தேறாவிட்டால் அவருக்கும் தண்ணீர் கிடையாது.

இன்றும் இரண்டு முறை தண்ணீர் குடித்தாள். மூன்றாவது முறை, சுவர் மூலையில் சாய்ந்து நின்ற கிரேன் இடது கையால் தண்ணீரை அறைந்தார்.

"என்... கிட்ட... வா."

டீச்சர் யோசித்தாள். பிறகு அவரை ஒட்டி நின்றுகொண்டு, "காதத் தண்ணில போடுங்கம்மா. கூரையப் பாருங்க" என்றாள்.

அவள் சாய்ந்தாள். உலகத்துச் சத்தமெல்லாம் நின்றுபோனது. முதுகுக்கு அடியில் அந்தக் கை. காய்ப்பு இன்னும் போகவில்லை. கால்கள் தாமாக மேலே வந்தன. கூரைக் கண்ணாடியில் வெயில் நடுங்கியது. இத்தனை நாள் தூக்கியவளைத் தூக்கவும் ஓர் ஆள் இருக்கிறாரே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

கையை எடுக்கும்படி டீச்சர் அவருக்குச் சைகை காட்டுவது தெரிந்தது. அவர் எடுக்கவில்லை. மறுபடி காட்டினாள். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடியேறி முடித்ததும் வருமே, அந்த முகம். டீச்சர் கைகட்டிக் காத்திருந்தாள்.

பிறகு அந்தக் கை, சத்தமில்லாமல், மெதுவாகக் கீழே இறங்கி விலகியது. அவள் அமிழவில்லை. தட்டிக்கொள்ள இன்னொரு கை வராததால் கிரேன் தண்ணீரைத் தட்டினார். உதடு கோணலாக அசைந்தது.

காதெல்லாம் தண்ணீர், எதுவும் கேட்கவில்லை. அது என்ன வார்த்தை என்று அவளுக்கா தெரியாது?