அவள் வந்து பார்த்த அறை

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் நான் இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்தேன். மில்லுக்குப் பக்கத்துத் தெருவிலேயே எங்கள் ஓட்டு வீடு. முன்னால் ஒரு கூடம், பின்னால் ஓர் அறை, சமையல்கட்டு, அவ்வளவுதான். நானும் என் மனைவியும், கணவனை இழந்து எங்களோடு வந்துவிட்ட என் அக்காவும் இருந்தோம்.

எங்கள் முதல் குழந்தை பெண். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான் வழக்கம். ஆனால் அந்த வருஷம் தென்னேரியில் மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்ததால் பிரசவம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. நெல் மூட்டை அடுக்கியிருந்த பின்னறையில் பாதியை ஒதுக்கித் தாயையும் பிள்ளையையும் படுக்கவைத்தோம். ஜன்னல் இல்லாத அறை. கார்த்திகையில் விடாத மழை. ஓடு ஒழுகிச் சுவர் ஊறிப்போனது. குழந்தைக்குச் சளி பிடித்தது. ஒருநாள் காலையில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. காஞ்சிபுரம் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போதே அம்மாவின் மடியில் அடங்கிவிட்டாள்.

எதனால் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றையே சொன்னார்கள். அந்தப் பேச்சை எடுக்காதே, அவள் தாங்கமாட்டாள் என்று. நான் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. ஆனால் அந்த அறைக்குள் அதற்குப் பிறகு அவள் கால் வைக்கவே இல்லை. நெல் வேண்டுமானால் அக்காதான் போய் அள்ளி வருவாள்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் உண்டானாள். இந்த முறை மாமியார் தேறியிருந்தார். வளைகாப்பு முடிந்ததும் தென்னேரிக்குக் கூட்டிப்போகக் கிளம்பினேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, கை நிறைய வளையலோடு நின்றவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "அந்த ரூம்புல என் புள்ளைய போட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

வீட்டில் இருப்பதே அந்த ஓர் அறைதான். அவளை விட்டுவிட்டுத் திரும்பி வந்த மறுநாளே நெல் மூட்டைகளைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டேன்.

அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. "பொறக்கறதுக்கு முன்னாடி இன்னாடா ஏற்பாடு? ஆவாதுடா அது" என்றாள். நான் நிறுத்தப்போவதில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வூடு ரிப்பேரு பண்றேன்னு சொல்லிக்க. புள்ளைக்குன்னு மட்டும் வாயால சொல்லாத" என்றாள். அன்று முதல் சாந்து குழைத்துக் கொடுத்தது அவள்தான்.

மில் விட்டு வந்ததும் வேலையைத் தொடங்கிவிடுவேன். உடைந்த ஓடுகளை எடுத்துவிட்டு வேறு போட்டேன். வெளிச்சத்துக்கு நடுவில் ஒரு கண்ணாடி ஓடு வைத்தேன். ஊறிப்போயிருந்த பூச்சைக் கொத்தித் தள்ளிவிட்டு சிமெண்ட் பூசினேன். கிழக்குச் சுவரை இடித்து, யாரோ வீட்டைப் பிரித்தபோது போட்டிருந்த பழைய ஜன்னலை வாங்கிவந்து வைத்துக் கொசு வராமல் வலை அடித்தேன். பூரான் நுழையும் பொந்தெல்லாம் அடைத்தேன். மழைக் காலத்தில் பிள்ளைத் துணி காய ஒரு கொடி. அவள் குனியாமல் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு பலகை. தூளி கட்ட உத்தரத்தில் ஒரு கொக்கி. கொக்கியைப் பிடித்து நானே தொங்கிப் பார்த்தேன். கடைசியில் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்தேன். மிச்சமிருந்த நீலத்தில் சுவரில் ஒரு கிளி வரைந்தேன். அக்கா பார்த்துவிட்டுக் கோழி என்று நினைத்து, "கோயி நல்லாக் கீது" என்றாள்.

பங்குனியில் பையன் பிறந்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் வாலாஜாபாத் போய் பஸ் மாறித் தென்னேரி போவேன். மத்தியானச் சாப்பாடு, கொஞ்ச நேரம் பிள்ளை முகம், திரும்ப பஸ். ஒவ்வொரு தடவையும் அறையைப் பற்றி அவளிடம் சொல்வேன்.

"ஜன்னலு வச்சிட்டேன். காத்து நல்லா வருது."

"ம்."

"செவுரு இப்ப நனையாது."

"புள்ளைக்குத் தண்ணி ஊத்தணும்" என்று எழுந்து போய்விடுவாள்.

மூன்றாம் மாசம் அனுப்புவார்கள் என்று நினைத்தேன். ஐந்தாம் மாசம் ஆகட்டும் என்றார்கள். ஆவணியும் வந்து போனது. அவளுடைய அம்மா அனுப்பத் தயாராகத்தான் இருந்தார். அவள்தான் ஏதாவது ஒரு காரணம் சொன்னாள். அதற்குள் பையனுக்கு முகம் தெரிய ஆரம்பித்துவிட்டது. நான் தூக்கினால் உதட்டைப் பிதுக்கி அழுது தாத்தாவிடம் தாவினான். மில்லில் இன்ஜின் சத்தத்துக்கு நடுவில் நிற்கும்போதுகூட அந்தப் பிதுங்கிய உதடுதான் கண்ணுக்குள் நிற்கும். வீட்டுக்கு வந்தால் பின்னறைக்குப் போய்ச் சும்மா நிற்பேன். வெறும் கொக்கி. வெறும் கொடி. ஐப்பசி பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும், பிறகு தை வரைக்கும் கைக்குழந்தையோடு அவள் எங்கே வரப்போகிறாள் என்று இருக்கும்.

புரட்டாசியில் ஒருநாள் முற்பகல், அக்கா மில்லுக்கே வந்துவிட்டாள். "ஓடியா. அவ வந்து கீறா. புள்ளைய தூக்கிக்கினு வரல, ஒண்டியா வந்து கீறா" என்றாள். இன்ஜினைப் பக்கத்தில் இருந்தவனிடம் விட்டுவிட்டு ஓடினேன்.

வீட்டுக்குள் போனால் கூடத்தில் ஆள் இல்லை. அவள் பின்னறையில், தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் பிள்ளையை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் கிளம்பி வந்திருக்கிறாள். கண்ணாடி ஓட்டிலிருந்து விழுந்த வெயில் அவளுடைய மடியில் கிடந்தது. ஜன்னலையும் கொடியையும் பலகையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு தெற்கு மூலையைக் காட்டினாள்.

"இங்க தான அவள படுக்க வச்சிருந்தோம்?"

"ஆமா" என்றேன்.

அப்புறம் அவள் முதல் குழந்தையின் பெயரைச் சொன்னாள். குழந்தை போன பிறகு அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாருமே சொன்னதில்லை. நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"நீங்க அவள மறந்துட்டீங்கன்னு தான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். "ஜன்னலு, செவுருன்னு வாரா வாரம் சொல்றீங்க. அவள பத்தி ஒரு வார்த்த இல்ல. இந்தப் புள்ளையும் போயிட்டா இவனையும் இப்டித்தான் தொடச்சிப் போட்டுடுவாங்கன்னு இருந்திச்சி."

"மறந்திருந்தா எதுக்குச் செவுத்த இடிக்கிறேன்" என்றேன்.

அதன் பிறகு அவள் மூத்தவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கொட்டாவி விட்டால் முகம் முழுக்க வாயாகிவிடுமே, அதைச் சொன்னாள். நான், குளிப்பாட்டும்போது குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு விடாததைச் சொன்னேன். அது என் மனைவிக்குத் தெரியாது. அவள் அப்போது படுக்கையில் இருந்தாள். "யாரு கையில? இந்தக் கையிலயா?" என்று என் கையை இழுத்து வைத்துப் பார்த்தாள். சொல்லச் சொல்லப் புதிதாக ஏதாவது ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நாளே எங்களோடு இருந்த பிள்ளைக்கு இவ்வளவு சேதி இருந்திருக்கிறது. இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டு, மற்றவருக்குக் காட்டாமல் இருந்திருக்கிறோம். அப்போதுதான் முதல் முறையாக இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். அக்கா சமையல்கட்டில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டே இருந்தாள். அவளும் அழுதிருப்பாள்.

திடீரென்று என் மனைவி மார்பைப் பிடித்துக்கொண்டாள். ஜாக்கெட் நனைந்திருந்தது. "பாலு கட்டிக்கினு வலிக்குது. அவன் எய்ந்திருப்பான். போவணும்" என்றாள். சாப்பிடக்கூட நிற்கவில்லை. மில்லுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு நானும் கூடப் போனேன்.

வாலாஜாபாத் போகிற பஸ்ஸில் ஏதோ ஒரு குழந்தை அழுதது. அந்தச் சத்தத்துக்கே அவளுக்குப் பால் சுரந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தென்னேரியில் இறங்கித் தெருவுக்குள் திரும்பும்போதே பையனின் அழுகை கேட்டது. என் கையில் பையைத் திணித்துவிட்டு ஓடினாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் அவள் மடியில் கிடந்து, விம்மிக்கொண்டே குடித்துக்கொண்டிருந்தான். அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "நல்ல நாளு பாக்கச் சொல்லுங்க."

மழைக்கு முன்னால் வந்து சேர்ந்தார்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டபோது தினமும் சுவரைத் தடவிப் பார்ப்பாள். காய்ந்தே இருந்தது. பையன் என்னிடம் அழாமல் வரக் கொஞ்ச நாள் பிடித்தது. வந்த பிறகு என்னை விடவில்லை.

அவனுக்கு இப்போது கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளுக்கு நான் போக வேண்டி வரும்போது, மறந்துவிடுங்கள் என்று சொல்வதில்லை. பிள்ளை எப்படி இருந்தது என்று கேட்கிறேன். முதலில் திகைத்துப் போகிறவர்கள் பிறகு நிறுத்தாமல் சொல்கிறார்கள், அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது எங்கள் மூத்தவளும் எங்கோ வளர்ந்துகொண்டுதான் இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.